மலையில் டி.டி.பி.: அச்சகத்தில் தொடங்கி கணினிக்கு வாருங்கள்

பக்கங்களைக் கணினியில் வடிவமைத்து அச்சுக்குத் தயாரிக்கும் டி.டி.பி. (டெஸ்க்டாப் பப்ளிஷிங்) வேலைக்குக் கணினி வாங்க நினைப்பவர்கள் நேரே கடைக்குப் போய் "நல்ல கம்ப்யூட்டர் எது?" என்று கேட்கிறார்கள். கடைக்காரர் கையிருப்பில் உள்ளதை எடுத்து வைக்கிறார். கோத்தகிரியானாலும் குன்னூரானாலும் கொடைக்கானலானாலும் இதுதான் நடக்கிறது. முதலில் போக வேண்டிய இடம் அச்சகம். நீங்கள் வடிவமைக்கும் பக்கம் கடைசியில் எந்த இயந்திரத்தில், எந்தத் தாளில், எத்தனை நிறத்தில் அச்சாகப் போகிறது என்று தெரிந்துவிட்டால் மென்பொருள் பாதி முடிவாகிவிடும். மென்பொருள் முடிவானால் கணினிக்கு எவ்வளவு செலவழிப்பது என்பதும் தெளிந்துவிடும். இந்த வரிசையை மாற்றிக் கணினியை முதலில் வாங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டாவது முறையும் செலவழிக்க நேர்கிறது.

டெஸ்க்டாப் பப்ளிஷிங் என்ற பெயரைப் பரப்பியவர் ஆல்டஸ் நிறுவனத்தின் பால் பிரெய்னர்ட். 1985-இல் மூன்று பொருள்கள் ஒன்று சேர்ந்தன: ஆப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறி, பக்கத்தை அச்சுப்பொறிக்கு விவரித்துச் சொல்லும் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட், ஆல்டஸின் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர். அச்சுக்கோப்பவர், படம் ஒட்டுபவர், ஃபிலிம் எடுப்பவர் என்று பலர் பிரித்துச் செய்த வேலை அதன் பிறகு ஒரு மேசைக்கு வந்து சேர்ந்தது. ஃபிலிம் என்றதும் நீலகிரிக்காரர்களுக்கு உதகை இந்து நகரும் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையும் நினைவுக்கு வரும். இன்று பெரிய ஆஃப்செட் அச்சகங்களில் ஃபிலிம் என்ற கட்டமே இல்லை. கணினிக் கோப்பிலிருந்து நேரே பிளேட் (அச்சுத் தகடு) எடுக்கிறார்கள். முன்பெல்லாம் நெகட்டிவை விளக்கில் பிடித்துப் பார்ப்பவர் கண்ணில் பட்ட பிழை, இப்போது அச்சான பிறகுதான் தெரிகிறது. கோப்பைச் சரியாகத் தயாரிக்கும் பொறுப்பு முழுவதும் டி.டி.பி. செய்பவர் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

வேர்டில் கடிதம் அடிப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பக்கத்தை வைத்தே சொல்லிவிடலாம். பள்ளி ஆண்டு மலரில் தலைமையாசிரியர் வாழ்த்துரை வருகிறது. இடது மேல் மூலையில் அவர் படம், சுற்றிலும் உரை, கீழே கையெழுத்து. வேர்டில் உரையின் நடுவே இரண்டு வரி சேர்த்தால் படம் நகரும், கையெழுத்து அடுத்த பக்கத்துக்கு ஓடும். பக்க வடிவமைப்பு மென்பொருளில் படத்துக்கு ஒரு சட்டகம், உரைக்கு ஒரு சட்டகம், ஒவ்வொன்றுக்கும் மில்லிமீட்டர் கணக்கில் இடம். உரை எவ்வளவு மாறினாலும் படம் வைத்த இடத்தில் நிற்கும். இதோடு 'ஸ்டைல்' என்ற வசதியும் உண்டு. உடல் உரை 11 புள்ளி (எழுத்தளவின் அலகான பாயிண்ட்), வரியிடைவெளி 15 புள்ளி என்று ஒரு ஸ்டைலில் எழுதி வைத்துவிட்டால், பக்கம் மிஞ்சும்போது அதை ஓரிடத்தில் 10.5 ஆக்கினால் போதும். மலரின் 48 பக்கமும் சேர்ந்து மாறும். ஸ்டைல் போடாமல் ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து அளவு மாற்றுபவர் டி.டி.பி. மென்பொருளைத் தட்டச்சு இயந்திரமாகத்தான் பயன்படுத்துகிறார்.

மலையில் வரும் வேலைகளை எண்ணிப் பாருங்கள். திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், பில் புக், விசிட்டிங் கார்டு. இவை ஓரிரு பக்கம். தேயிலைப் பாக்கெட்டுக்கும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் லேபிள். இவை வரைகலை மிகுந்தவை, அளவு துல்லியமாக இருக்க வேண்டியவை. பள்ளி மலர், தேவாலய மாத இதழ், ஊர் வரலாற்று நூல். இவை பல பக்கமும் நீண்ட உரையும் கொண்டவை. உங்களுக்கு எந்த வகை அதிகம் வரும் என்பதைப் பொறுத்தே மென்பொருள். எல்லாமே வரும் என்று ஆசைப்பட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம்.

அச்சு வழிகளும் அப்படித்தான். சில நூறு பிரதிகளுக்குள் என்றால் டிஜிட்டல் அச்சு. பிளேட் செலவு கிடையாது. ஒற்றை நிற நோட்டீஸுக்கு மினி ஆஃப்செட் போதும். ஆயிரக்கணக்கில் மல்டிகலர் என்றால் நீலகிரியிலிருந்து கோவைக்கோ, கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரிலிருந்து மதுரைக்கோ சிவகாசிக்கோ கோப்பு இறங்கும். அந்த அச்சகத்திடம் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை: எந்தக் கோப்பு வடிவம் வேண்டும், வெட்டுக்கு எவ்வளவு விளிம்பு விட வேண்டும், தாள் என்ன அளவு, எத்தனை பக்கம் சேர்ந்தால் ஒரு ஃபாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதி). கடைசிக் கேள்வியைப் புதியவர்கள் கேட்பதே இல்லை. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தின் பக்க எண்ணிக்கை 4-இன் மடங்காகத்தான் இருக்க முடியும். ஒரு ஃபாரம் 16 பக்கம் என்றால் 48 பக்கம் சரியாக மூன்று ஃபாரம். 50 பக்கம் என்று திட்டமிட்டுக் கட்டுரை வாங்கிவிட்டு, பிறகு யாருடைய கவிதையை நீக்குவது என்று தவிப்பதைவிட முதலிலேயே கேட்டுவிடலாம்.

தொட்டபெட்டா சோதனை

தமிழில் டி.டி.பி. செய்பவருக்கு மென்பொருளின் மற்ற எல்லா வசதிகளையும்விட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: இது தமிழை ஒழுங்காகக் காட்டுமா? இந்தக் கேள்வியை நான் மீண்டும் மீண்டும் வலியுறுத்துவேன், ஏனென்றால் விளம்பரத்தில் இதற்குப் பதில் இருக்காது.

உலக மொழிகளின் எழுத்துகளுக்குப் பொதுவாக எண் தரும் யூனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. 'தொ' என்று தனியாக ஓர் எழுத்து அங்கே கிடையாது. 'த' என்ற எழுத்தும் ஒகரக் குறியும் அடுத்தடுத்துச் சேமிக்கப்படுகின்றன. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, ஒற்றைக் கொம்பை 'த'வுக்கு முன்னும் காலைப் பின்னும் வைப்பது மென்பொருளின் வேலை. அதைச் செய்யும் பகுதி இல்லாத மென்பொருளில் கொம்பும் காலும் எழுத்துக்குப் பின்னால் கும்பலாக நிற்கும், அல்லது புள்ளிகளாலான ஒரு வட்டம் தோன்றும். இதைக் கண்டுபிடிக்க நம் மலையின் இடப் பெயர்களே போதும். தொட்டபெட்டா, கொடைக்கானல், கோத்தகிரி, பைக்காரா என்று நான்கு சொற்களை அடியுங்கள். அழைப்பிதழுக்காக 'ஸ்ரீ' ஒன்றையும் சேருங்கள். ஐந்தும் சரியாக வந்தால் அடுத்து அந்தப் பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கித் திறந்து பாருங்கள். திரையில் சரியாக வந்து பிடிஎஃப்பில் உடைவதும் உண்டு.

ஸ்கிரைபஸ் என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதன் பழைய 1.4 வரிசை இந்தச் சோதனையில் தோற்கும். 2024-இல் வெளியான 1.6 பதிப்பு தேறும். இணையத்தில் பழைய பதிப்பைத் தரவிறக்கி "ஸ்கிரைபஸில் தமிழ் வராது" என்று விட்டுவிட்டவர்கள் திரும்பி வந்து பார்க்கலாம். அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேறு கதை. அதில் வசதி உள்ளேயே இருக்கிறது, ஆனால் இயல்பாக அணைந்திருக்கலாம். பத்தி அமைப்புகளில் 'வேர்ல்டு ரெடி பாராகிராஃப் கம்போஸர்' என்பதைத் தேர்ந்தெடுத்த உடனே சிதறிக் கிடந்த கொம்புகள் இடத்துக்கு வந்துவிடும். அதையும் ஸ்டைலுக்குள்ளேயே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். அஃபினிட்டி என்ற வடிவமைப்பு மென்பொருள் 2025-இல் இலவசமாக்கப்பட்டது. பலர் அதைப் பரிந்துரைக்கிறார்கள். தொட்டபெட்டாவை அடித்துப் பார்க்காமல் அதில் ஒரு வேலையையும் ஏற்காதீர்கள்.

பழைய எழுத்துருக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்றவை ஆங்கில எழுத்துக்குரிய எண்களில் தமிழ் உருவங்களை அமர்த்தி வேலை செய்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கட்டுரையைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும் கலந்த குவியலாகத் தெரியும். பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அதற்கு யூனிகோடு தெரியாது. ஆனாலும் பல அச்சகங்களில் பழைய விண்டோஸோடு அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, கைபழகியவர்கள் அதில் மின்னல் வேகத்தில் பக்கம் போடுகிறார்கள். அவர்கள் வேகத்தை மதிக்கிறேன். புதிதாகத் தொடங்குபவர் அந்த வழியில் போகக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்று ஆசிரியரும் மாணவரும் கைபேசியில் அடித்து அனுப்பும் கட்டுரை எல்லாம் யூனிகோடு. பழைய எழுத்துருவில் வரும் கட்டுரையை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிட்டு, ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். ஆங்கிலச் சொற்கள் கலந்த இடங்களில்தான் மாற்றி தடுமாறும்.

எழுத்துரு வாங்கக் காசில்லை என்ற நிலையும் இப்போது இல்லை. நோட்டோ செரிஃப் தமிழ், கேடமரன், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, முக்தா மலர் எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைப்பவை. அச்சில் பயன்படுத்தத் தடையில்லை. நூலின் உடல் உரைக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று, போதும். தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 11-இலும் மேக்கிலும் உள்ளேயே இருக்கிறது. பழைய தட்டச்சு இயந்திர முறையில் பழகிய கைகளுக்கு என்எச்எம் ரைட்டர் உதவும்.

இன்னொரு நுட்பம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஏ4 பக்கத்தை நெடுக்காக மூன்று பத்தியாகப் பிரித்து இரு ஓரமும் சமன் செய்தால் சொற்களுக்கிடையே வெள்ளைப் பள்ளங்கள் விழும். இரண்டு பத்தி போதும். சொல்லை உடைக்க நேர்ந்தால் புள்ளி வைத்த மெய்யெழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில் போய் நிற்காமல் பாருங்கள். மென்பொருள் இதைப் பார்த்துச் சொல்லாது, கண்தான் பார்க்க வேண்டும்.

எந்த மென்பொருள்

அழைப்பிதழ், நோட்டீஸ், லேபிள் மட்டும்தான் என்றால் உருவங்களைப் பிக்சல்களாக அல்லாமல் கோடுகளாக வரையும் வெக்டார் வரைகலை மென்பொருள் ஒன்று போதும். நம் ஊர் அச்சகங்களில் கோரல்டிரா பரவலாக இருக்கிறது. "கோரல் ஃபைலாகக் கொடுங்கள்" என்று கேட்கும் அச்சகத்தோடு வேலை செய்பவர் அதை வாங்குவதில் பொருளுண்டு. இலவசமாக வேண்டுமென்றால் இங்க்ஸ்கேப். லேபிளில் உள்ள சின்னத்தை வெக்டாராக வரைந்துவிட்டால், அதையே 50 கிராம் பாக்கெட்டுக்கும் அட்டைப் பெட்டிக்கும் கூர்மை குறையாமல் பயன்படுத்தலாம்.

மலர், இதழ், நூல் என்றால் இன்டிசைன் அல்லது ஸ்கிரைபஸ். இன்டிசைன் சந்தா முறையில் கிடைப்பது. ஆண்டு முழுவதும் வேலை வந்தால் அந்தப் பணம் தகும். ஆண்டுக்கு ஓரிரு மலர் மட்டும் செய்பவருக்கு ஸ்கிரைபஸையே சொல்வேன். அடிக்குறிப்பு நிறைந்த ஆய்வு நூலுக்கு அது சிரமப்படுத்தும். பள்ளி மலருக்குத் தாராளம். சிஎம்ஒய்கே (நான்கு அச்சு மை) நிறம், வெட்டு விளிம்பு, அச்சுக்கான பிடிஎஃப்/எக்ஸ் எல்லாம் அதில் இருக்கின்றன. படங்களைத் திருத்த ஜிம்ப் அல்லது ஃபோட்டோஷாப். கான்வா சமூக ஊடகச் சுவரொட்டிக்கு நல்லது, 48 பக்க மலருக்கு வேண்டாம். திருட்டுப் பிரதி இன்டிசைனை யாராவது பென் டிரைவில் நீட்டினால் வாங்காதீர்கள். அதோடு வைரஸ் வரக்கூடும், வாடிக்கையாளரின் கோப்புகள் இருக்கும் கணினி அது.

கறுப்பு நிறத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியில் இயங்குகிறது. ஆஃப்செட் அச்சு சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையில் இயங்குகிறது. திரைக்கான கறுப்பில் உரையை விட்டுவிட்டால், மாற்றும்போது அது நான்கு மையாலும் ஆன கறுப்பாகிவிடும். நான்கு பிளேட்டும் முடியளவு விலகினாலும் சிறிய தமிழ் எழுத்தின் சுழிகள் மங்கலாகிவிடும். உரை எப்போதும் கறுப்பு மை 100, மற்ற மூன்றும் 0. படமோ பின்னணி நிறமோ பக்க ஓரம் வரை போனால் 3 மில்லிமீட்டர் வெளியே நீட்டி வையுங்கள், வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாது.

படங்களைப் பொறுத்தவரை பெரும் சேதம் வாட்ஸப்பில் நிகழ்கிறது. அதன் வழக்கமான முறையில் அனுப்பும் படம் நீளப் பக்கத்தில் சுமார் 1,600 பிக்சலாகச் சுருங்குகிறது. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 1,600-ஐ 300-ஆல் வகுத்தால் ஐந்தேகால் அங்குலத்துக்குச் சற்று அதிகம். பக்கத்தின் ஒரு பகுதிக்கு அது போதும், அட்டைக்குப் போதாது. ஏ4 அட்டை முழுவதும் நிரப்ப 2,480-க்கு 3,508 பிக்சல் வேண்டும். 12 மெகாபிக்சல் கைபேசியில் எடுத்த அசல் படம் 4,000-க்கு 3,000 பிக்சல் இருக்கும். அது அட்டைக்கே தாங்கும். ஆக, கைபேசியில் குறையில்லை, அனுப்பும் முறையில்தான் குறை. அதே வாட்ஸப்பில் படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அசல் அப்படியே வந்து சேரும்.

கணினியும் மலைக் காற்றும்

இனி கணினி. ஏ4 அளவுள்ள ஒரு நான்கு நிறப் படம், 300 பிக்சல் கணக்கில், நினைவகத்தில் ஏறத்தாழ 35 எம்பி இடம் எடுக்கும். அடுக்கு (லேயர்) ஒன்று கூடினால் இன்னொரு 35. பத்து அடுக்குள்ள அட்டையையும் இன்டிசைனையும் உலாவியையும் ஒன்றாகத் திறந்தால் 8 ஜிபி ரேம் மூச்சு வாங்கும். 16 ஜிபி வாங்குங்கள். 512 ஜிபி எஸ்எஸ்டி இருக்கட்டும். நடுத்தரப் பிராசசர் போதும். விளையாட்டுக்கான கிராஃபிக்ஸ் அட்டைக்குக் கொடுக்கும் பணம் பக்க வடிவமைப்பில் திரும்பி வராது.

அந்தப் பணத்தைத் திரையில் போடுங்கள். 24 அங்குல அகலத்திரை ஏறக்குறைய 53 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் கொண்டது. இரண்டு ஏ4 பக்கங்களை விரித்து வைத்தால் 42-க்கு 29.7. கருவிப்பட்டைகளை மறைத்துவிட்டால் மலரின் எதிரெதிர்ப் பக்கங்களைக் கிட்டத்தட்ட அசல் அளவிலேயே பார்க்கலாம். ஐபிஎஸ் வகைத் திரையாக இருக்கட்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, அருகில் நாற்காலி போட்டு உட்காரும் வாடிக்கையாளரும் நீங்களும் ஒரே நிறத்தைப் பார்ப்பீர்கள்.

சமவெளியில் டெஸ்க்டாப்பைச் சொல்பவன், மலையில் மடிக்கணினியும் தனித் திரையும் சேர்ந்த ஏற்பாட்டைச் சொல்வேன். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மடிக்கணினிக்குச் சொந்த பேட்டரி இருக்கிறது. திரை அணைந்தாலும் வேலை அழியாது. டெஸ்க்டாப் ஏற்கெனவே இருந்தால் 600 விஏ யுபிஎஸ் ஒன்றை வையுங்கள், கோப்பைச் சேமித்து ஒழுங்காக மூடும் அளவுக்கு நேரம் கிடைக்கும். லேசர் பிரிண்டரை மட்டும் அந்த யுபிஎஸ்ஸில் செருகாதீர்கள். மையைத் தாளில் உருக்கிப் பிடிக்கச் செய்யும் அதன் சூடேற்றி ஒரே மூச்சில் இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யுபிஎஸ் தாங்காது.

பிரிண்டர் மெய்ப்புக்கு மட்டுமே என்றால் கறுப்பு வெள்ளை லேசர் சிக்கனம். வண்ண மாதிரி காட்ட இங்க் டேங்க் உதவும், ஆனால் அதில் வரும் நிறம்தான் அச்சிலும் வரும் என்று வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம். தாளைக் கவனியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும். பிரித்து வைத்த தாள்கட்டு ஈரம் குடித்து ஓரம் சுருளும், பிரிண்டரில் சிக்கும், டோனர் சரியாக ஒட்டாது. கூடலூர், பந்தலூர் பக்கம் ஆடி மாதத்திலும் இதே தொல்லை. அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை உறையோடு மூடிய டப்பாவில் வையுங்கள். பழைய புகைப்படங்களுக்குத் தட்டை ஸ்கேனர் வாங்கினால் அதன் கண்ணாடிக்கு அடியிலும் பனி படரும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வைத்து, அறை சூடான பிறகு இயக்குங்கள்.

சித்திரை, வைகாசி இடிமழையில் மின்செருகியைக் கழற்றுபவர்கள்கூட இணையக் கேபிளை மறந்துவிடுகிறார்கள். மின்னலின் அதிர்வு அந்த வழியாகவும் வந்து மதர்போர்டைப் பழுதாக்கும். இரண்டையும் கழற்றுங்கள். கடையின் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்துவிடுங்கள். பாறை நிலத்தில் அது பல இடங்களில் பெயருக்குத்தான் இருக்கிறது.

முடிந்த வேலையை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று கடைக்கு வெளியே. பிடிஎஃப் மட்டும் போதாது. இன்டிசைனில் 'பேக்கேஜ்' என்றும் ஸ்கிரைபஸில் 'கலெக்ட் ஃபார் அவுட்புட்' என்றும் இருக்கும் கட்டளை, பக்கக் கோப்பையும் படங்களையும் எழுத்துருவையும் ஒரே கோப்புறையில் சேர்த்துத் தரும். அந்தக் கோப்புறைக்குப் பள்ளியின் பெயரும் ஆண்டும் சேர்த்துப் பெயரிட்டு, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று வைத்துவிட்டால், அடுத்த ஆண்டு அதே பள்ளி வரும்போது பக்க அளவும் ஸ்டைலும் அட்டை அமைப்பும் தயாராக இருக்கும். கட்டுரைகளையும் படங்களையும் மாற்றினால் போதும்.